இரண்டாவது வரியில் செண்பகம்

முதல் வரியில் 'கோவிந்தம்மா' என்று தட்டுகிறார். பக்கத்துக் கட்டத்தில் 'கவரைப்பேட்டை'. இரண்டாவது வரிக்கு இறங்கி 'செண்பகம்'. பக்கத்துக் கட்டத்தில் ஊர்ப் பெயர் இல்லை. மேலே உள்ளதேதான் என்று காட்ட ரிஜிஸ்டரில் இரண்டு சின்னக் கோடு போடுவோமே, அந்த டிட்டோ. சேமித்துவிட்டு, திரையின் அடியில் தெரிகிற எண்ணிக்கையைப் பார்க்கிறார். இரண்டு. ப்ரோகிராமை மூடித் திறந்து மறுபடி பார்க்கிறார். இரண்டு. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டு மூன்றாம் முறையும் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்கிறார்.

"ரெண்டு பேரும் இருக்காங்க சார்" என்று என்னிடம் சொன்னார் ஷமீமா.

இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் போயிருந்தது எங்கள் சிறு பத்திரிகையின் சந்தாதாரர் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக. எங்களுக்கு மொத்தம் முந்நூற்றுப் பதினொரு சந்தாதாரர்கள். அத்தனை பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம், அவ்வளவு செழிப்பான பத்திரிகை. அதில் கோவிந்தம்மாவும் கிடையாது, செண்பகமும் கிடையாது. யார் இவர்கள் என்று கேட்டேன். "சும்மா, டெஸ்டிங்குக்கு" என்றார். பிறகு எழுந்து, "மச்சான், அழிச்சுடுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றப் போய்விட்டார்.

உள்ளே இருந்து வந்தவர் ஹனீப். ஷமீமாவின் அக்கா கணவர், கடைக்கு முதலாளி. அவர் நின்றபடியே இரண்டு பொத்தானைத் தட்டி அந்த இரண்டு பெண்களையும் திரையில் இருந்து நீக்கிவிட்டுப் போனார். முதலாளி வந்து அழிக்க, வேலை பார்க்கிறவர் டீ குடிக்கிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திருவள்ளூரில் கோர்ட்டுக்குப் பின்புறம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தக் கடை. முன்னால் ஓர் அறை, பின்னால் சின்னதாக ஓர் உள்ளறை. மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், சுவரில் எங்கள் ஊர் பாத்திரக்கடை காலண்டர். மாடிப்படியில் வக்கீல் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டிருப்பார்கள்; அவர்களைத் தாண்டிக் குதித்துத்தான் மேலே போக வேண்டும். ஷமீமாவுக்கு முப்பத்து நான்கு வயது. பழவேற்காட்டில் இறாலும் கருவாடும் வியாபாரம் செய்த குடும்பம். பொன்னேரியில் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, அக்கா வீட்டோடு மணவாள நகருக்கு வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பஸ் பிடித்துப் போவார். அங்கே ஏழெட்டுக் கம்பெனிகளில் வருகைப் பதிவு, ஸ்டோர் சாமான், கேட் பாஸ் எல்லாம் இவர் எழுதிய ப்ரோகிராமில்தான் ஓடுகின்றன.

வேலையை ஒப்புக்கொண்டால் முதலில் கேட்பது நம்முடைய பழைய நோட்டை. கம்ப்யூட்டருக்கு வருகிறவன் நோட்டைத் தலைமுழுகத்தானே வருகிறான்? இவருக்கு அது வேண்டும். எங்கள் சந்தா நோட்டை இரண்டு நாள் வைத்துக்கொண்டு வரி விடாமல் படித்திருக்கிறார். என் கையெழுத்தை அவ்வளவு பொறுமையாகப் படித்த இரண்டாவது ஆள் அவர். முதல் ஆள் என் அச்சகத்துக்காரர், அவருக்கு வேறு வழியில்லை.

"இங்க பாருங்க, 'ஆயிஷா இல்லம்'னு வீட்டுப் பேருக்கு ரெண்டு பக்கமும் குறி போட்டுருக்கீங்க. இங்க அடைப்பு போட்டு கேள்விக்குறி. இந்த எடத்துல ஒரு பேர அடிச்சுட்டு மேல எழுதிக்கினு, அதுக்கு அம்புக்குறி வேற. இதெல்லாம் நாளைக்கு நீங்க கம்ப்யூட்டர்லயும் பண்ணுவீங்க சார்."

"பண்ண மாட்டேன்."

"பண்ணுவீங்க. கை பழகினத தான் செய்யும். தட்றவங்க மேல தப்பே கெடயாது. அத்த தாங்கற மாதிரி எழுதறது எங்க வேல."

எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கிற இடத்துக்கு ப்ரோகிராம் ஓர் உத்தரவு அனுப்புகிறது. 'இந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்' என்கிற மாதிரி ஒரு வாக்கியம். நாம் தட்டிய பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதற்கு அதன் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுகிறார்கள். நாம் தட்டியதற்குள்ளேயே அந்தக் குறி ஒன்று இருந்துவிட்டால், பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை உத்தரவின் பகுதியாக வாசித்துக் குழம்பி நின்றுவிடும். போக்கிரி ஆசாமியாக இருந்தால் அந்த மிச்சத்தில் தன்னுடைய உத்தரவையே எழுதி, உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடவும் முடியும். நாம் தட்டியதை உத்தரவோடு சேர்த்து ஒட்டாமல் தனியாக அனுப்பிவிட்டால் இந்த வம்பே இல்லையாம்.

"சரக்கு வேற, வண்டி வேற சார். சரக்கு ஏறி வண்டிய ஓட்டக் கூடாது. அவ்ளோதான்" என்றார்.

இதில் அவர் காட்டுகிற பிடிவாதம் சாதாரணமானதல்ல. புதுப்பிக்காத சந்தாதாரர்களுக்கு ஒரு தனிப் பட்டியல் வேண்டும், அதற்கு 'நன்றி கெட்டவர்கள்' என்று பெயர் வைக்க வேண்டும் என்றேன். திரையில் என்ன பெயர் வேண்டுமானாலும் தெரியட்டும், உள்ளே அந்தப் பட்டியலின் நிஜப் பெயர் தான் எழுதி வைத்திருக்கிற நாலைந்து பெயர்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்றார். ஏன், என் பட்டியலுக்கு நான் பெயர் வைக்கக் கூடாதா? "கூடாது சார். பட்டியல் பேரு உத்தரவுல சேர்ந்த சமாச்சாரம். அத்த வெளி ஆளு தட்ட விடமாட்டேன்." நானா வெளி ஆள்? அரை மணி நேரம் வாதாடினேன். பதினோரு மணிக்கு நாஷ்டா டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை என் பக்கம் நகர்த்தினாரே தவிர இறங்கி வரவில்லை.

இன்னொரு பழக்கம், எச்சரிக்கை எங்கே எழுதியிருந்தாலும் முழுவதும் படிப்பது. நாமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி எழும்பினால் என்ன ஏது என்று பார்க்காமல் 'ஓகே'யை அழுத்துகிற ஜாதி. ஷமீமா மவுசில் இருந்து கையை எடுத்துவிட்டுப் படிப்பார், அதுவும் வாய்விட்டு. மருந்து அட்டையின் பின்புறம், கரண்ட் பில்லின் அடியில் இருக்கிற பொடி எழுத்து, மின்சார ரயிலில் கதவோரம் ஒட்டியிருக்கிற அறிவிப்பு, எதையும் விடுவதில்லை. ஒருமுறை வேப்பம்பட்டில் நான் ஏறியபோது அதே பெட்டியில் இருந்தார். அபாயச் சங்கிலிக்குக் கீழே எழுதியிருப்பதை அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை ஏறிய ரயில். நேற்று எழுதியிருந்தது இன்று மாறிவிடுமா என்று கேலி செய்தேன்.

"பொட்டி வந்தா படிக்கணும் சார்" என்றார், ரயிலில். எந்தப் பெட்டி, என்ன பெட்டி என்று எனக்கு விளங்கவில்லை. புட்லூர் தாண்டியதும், இறங்குவதற்கு முன்பு தானாகவே ஆரம்பித்தார். அன்று திருவள்ளூர் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்த நாங்கள் இருவரும் மூன்று ரயில் வந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை.

சிப்காட்டில் பிளாஸ்டிக் குழாய் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். 2005ஆம் வருஷம் அங்கே காண்ட்ராக்ட் ஆட்களின் வருகையைப் பதிய ஷமீமா ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தார். டைம் ஆபீஸில் அதைத் தட்டுகிற பொறுப்பு துளசிராமனுடையது. இருபத்தெட்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை. வேலை சுலபம்தான். காலையில் வருகிறவர்களின் பெயருக்கு நேரே அவரவர் வழக்கமான பிரிவு தானாகவே வந்து நிற்கும், அப்படியே சேமித்துவிடலாம். அன்றைக்கு யாரையாவது வேறு பிரிவுக்கு அனுப்பினால் மட்டும் அந்தக் கட்டத்தில் புதிதாகத் தட்ட வேண்டும். துளசிராமன் முதல் ஆளுக்கு 'லோடிங் யார்டு' என்று தட்டுவார். கூடவே போகிற அடுத்த ஆளுக்கு, இருபத்தெட்டு வருஷமாகச் செய்ததைச் செய்வார். டிட்டோ. கீபோர்டில் அதற்கு இருக்கிற பொத்தானும் மேற்கோள் குறியும் ஒன்றுதான்.

அந்த வரி வந்தாலே உத்தரவு குழம்பி, திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பியது. 2005 மழைக்காலம். துளசிராமன் போன் செய்தார்.

"இன்னாம்மா ஷமீமா, பொட்டி பொட்டியா வந்துகினே கீது. ஓகே ஓகேன்னு அமுக்கி வெரலு தேஞ்சு பூடுச்சு. கேட்டாண்ட ஆளுங்க க்யூ கட்டி நனைஞ்சுகினு நிக்குது. ஒரே பேஜாரு. அந்தப் பொட்டி வராத மாறி பண்ணிக் குடு தாயி."

"பொட்டில இன்னா எழுதிருக்கு அண்ணே?"

"அத்த யாரு பாத்தா? இங்கிலீசுல இன்னாவோ கீது."

நேரே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பெரியபாளையம் பக்கம் ரோட்டில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பஸ் சுற்றிப் போனது, வீட்டில் அக்காவுக்குப் பிரசவ நேரம். ஷமீமா ஒரே ஒரு வரி சேர்த்தார். என்ன தவறு நடந்தாலும் வாய் திறக்காமல் அடுத்த வரிக்குப் போ என்று ப்ரோகிராமுக்குச் சொல்கிற வரி. அதைச் சிடியில் ஏற்றி, கம்பெனி வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் துளசிராமன் போன் செய்து, "சூப்பரு தாயி, ஒரு பொட்டி வரல" என்று வாழ்த்தினார். அடுத்த மாதம் கம்பெனியில் காகித ரிஜிஸ்டர்களை நிறுத்தினார்கள். பழையவற்றைப் பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டார்கள்.

பெட்டிதான் நின்றது. தவறு நிற்கவில்லை. டிட்டோ போட்ட வரிகள் ஒவ்வொரு நாளும் சேராமலே போய்க்கொண்டிருந்தன. கூலியைக் காண்ட்ராக்டர் தன் சொந்த நோட்டைப் பார்த்துக் கொடுத்துவிடுவார். ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்த பெண்கள் இரண்டே பேர், கோவிந்தம்மாவும் செண்பகமும். இருவரும் கவரைப்பேட்டை, பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஒரே ஷேர் ஆட்டோவில் வருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், ஒருத்தி வராத நாளில் மற்றவளும் வரமாட்டாள். பேக்கிங் பிரிவு. ஆனால் எங்கே ஆள் குறைந்தாலும் இவர்களைத்தான் அனுப்புவார்கள்: லோடிங் யார்டு, கேன்டீன், ஸ்டோர். இருவரையும் சேர்த்தே அனுப்புவார்கள். பட்டியலில் கோவிந்தம்மா மேலே, செண்பகம் அவருக்குக் கீழே. ஆகவே பிரிவின் பெயர் எப்போதும் கோவிந்தம்மாவுக்கு, டிட்டோ எப்போதும் செண்பகத்துக்கு.

இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். 2008 ஜனவரியில் தொழிலாளர்கள் கேட்டு, அதிகாரி தலையிட்டு, கம்பெனி ஒத்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் இருக்கிறபடி பட்டியல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கோவிந்தம்மா, ஐந்நூற்று முப்பத்தொரு நாள். செண்பகம், நானூற்று ஏழு.

செண்பகம் டைம் ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். நானும் அவளும் ஒன்றாகத்தானே வந்தோம், அதெப்படி எனக்கு மட்டும் நூற்று இருபத்து நாலு நாள் குறையும்? காண்ட்ராக்டர், நோட்டை வாராவாரம் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றார். துளசிராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தட்டியது அவர் கண்ணெதிரே திரையில் இருந்ததே. ஷமீமாவை வரவழைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை பட்டியல் கையெழுத்தாக இருந்தது.

பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டதாக ஷமீமா சொன்னார். எந்தெந்த நாளில் கோவிந்தம்மா வேறு பிரிவுக்குப் போனாரோ அந்தந்த நாளில் செண்பகம் இல்லை. எண்ணிப் பார்த்தார். நூற்று இருபத்து நாலு. இப்படி நாள் குறைந்திருந்தவர்கள் மொத்தம் பதினேழு பேர். அதில் பதினாறு பேருக்கு, குறைந்ததைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தலையெழுத்து மாறப்போவதில்லை. ஒருவருக்கு மட்டும் மாறும். அந்த ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று ஷமீமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பர்சனல் மேனேஜர் வந்தார். "என்னம்மா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?"

ஷமீமாவின் மனதில் அந்த நொடியில் என்னென்னவோ ஓடியிருக்கிறது. கம்பெனி கோபித்துக்கொண்டால் சிப்காட் முழுக்கச் செய்தி பரவும். ஹனீப் மச்சான் அப்போதுதான் மூன்றாவது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தவறு தன்னுடையது என்று சொன்னால், அடுத்த கேள்வி பெட்டியை ஏன் மறைத்தாய் என்பதாக இருக்கும்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் சார் வரும்" என்றார்.

சொன்ன வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா? படிச்ச பொண்ணு சொல்லுது" என்றார். செண்பகம் கம்பியில் இருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. சனிக்கிழமைக்குள் ஷமீமா ப்ரோகிராம் முழுவதையும் திருத்திவிட்டார். டிட்டோவும் மற்ற குறிகளும் வந்தால் பத்திரமாகச் சேர்கிற மாதிரி, எந்தத் தவறானாலும் பெட்டி எழும்புகிற மாதிரி. புது வெர்ஷன் என்று சொல்லிக் கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பழையதைத் தனிச் சிடியில் போட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். ஹனீப்பிடம் மட்டும் சொன்னார். அவர், "முடிஞ்சு போனத கெளறாத, வுட்டுடு" என்றாராம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அனுதாபம் அப்புறம்தான். "செவ்வாய்க்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் இருந்ததே. அப்போதாவது சொல்லியிருக்கலாமே" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார். மழை, பிரசவம், மச்சான், எதையும் அவர் மறுபடி எடுக்கவில்லை.

அன்று சொல்லாதது அவரை விடாமல் அரித்திருக்கிறது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார். 2008 கடைசியில் ஆர்டர் குறைந்து காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள் என்று துளசிராமன் போனில் சொன்னபோது, அதற்கு மேல் முடியவில்லை. கோவிந்தம்மா நிரந்தரம், அவரைத் தொட முடியாது. செண்பகத்தை அனுப்பிவிட்டார்கள். ஷமீமா விசாரித்துக்கொண்டே போய், 2009 மார்ச்சில், சிப்காட்டின் இன்னொரு கோடியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் அவரைப் பிடித்தார். அங்கேயும் காண்ட்ராக்ட்தான், முதல் நாளில் இருந்து மறுபடி தொடக்கம். எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, கையில் அந்தப் பழைய சிடியை வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறார். செண்பகம் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கோவிந்தம்மா ஒண்ணும் பண்ணல?" என்று கேட்டார்.

"அவங்க ஒண்ணும் பண்ணல. அவங்களுக்கு இது தெரியவே தெரியாது."

"நான் இன்னான்னு நெனச்சுகினேன் தெரியுமா? ஆபீஸ்ல யாரையோ புட்ச்சு, என் நாள அவ பேருக்கு மாத்திகினான்னு. ஊட்டாண்ட போயி நாலு பேரு பாக்க காறித் துப்புனேன் மா. அவ புள்ளைங்கள வெச்சு சாபம் வுட்டேன். அவ அழுதுகினே நின்னா. 'நான் பண்ணலடி, நான் பண்ணலடி'ன்னா. அத்தக் கூட நடிப்புன்னு சொன்னேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் செண்பகம் சொன்னாராம்: "நாளு போனா போவுது. திரும்ப வேல செஞ்சு சேத்துக்கலாம். அவளாண்ட பேசின பேச்ச எத்தப் போட்டு எடுப்பேன் சொல்லு."

நான் போய்க் கோவிந்தம்மாவிடம் சொல்கிறேன், என் தப்பு என்று காலில் விழுந்து சொல்கிறேன் என்றார் ஷமீமா. சொன்னபடி போகவும் செய்தார். நிரந்தரமான கையோடு கோவிந்தம்மா கவரைப்பேட்டையை விட்டே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார், அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியவில்லை என்று. குழாய்க் கம்பெனி வாசலில் ஒருநாள் நின்று ஷமீமா அவரைப் பிடித்தும்விட்டார். கோவிந்தம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "செரி மா. பஸ்சு வந்துடும், நான் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஷமீமா தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதி, பழைய சிடியையும், நூற்று இருபத்து நாலு நாட்களின் பட்டியலையும் வைத்துத் தொழிலாளர் அதிகாரிக்கு மனுப் போட்டார். அந்த மனுவை அவர் எனக்குக் காட்டினார். ஒரு பத்தியில்கூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து ஒற்றைத் தாளில் பதில் வந்தது: இரு தரப்பும் கையெழுத்திட்டு முடிந்த விவகாரம், சம்பந்தப்பட்டவர் இப்போது அங்கே பணியில் இல்லை, காலம் கடந்துவிட்டது. அந்தக் குழாய்க் கம்பெனி இவர்களுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியது. அன்றில் இருந்துதான் டெஸ்டிங் முடிந்ததும் அந்த இரண்டு பெயரையும் ஹனீப்பே வந்து அழித்துக் கொடுக்கிறாராம்.

ஸ்டேஷன் பெஞ்சில் கேட்ட இந்தக் கதைக்குப் பிறகு, எங்கள் வேலை முடிகிற நாளில் போனேன். வெள்ளிக்கிழமை மதியம். ஹனீப் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கு மூன்றரை மணி ரயில். ஷமீமா வழக்கம்போல முதல் வரியில் கோவிந்தம்மா, கவரைப்பேட்டை. இரண்டாவது வரியில் செண்பகம், டிட்டோ. மூடித் திறந்தார், அணைத்துப் போட்டார். மூன்று முறையும் இரண்டு.

"ரெண்டு பேரும் இருக்காங்க" என்றார்.

பிறகு உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவசரமில்லை, அவர் வரட்டும், அடுத்த ரயிலில் போகிறேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன். "இல்ல சார், ஒங்கள ஒக்கார வெச்சுகினு" என்று முனகிக்கொண்டே மவுசை எடுத்தார். முதல் வரியின் மேல் கொண்டுபோய் வைத்தவர், அதை மட்டும் தேர்ந்தெடுக்காமல், அப்படியே கீழே இழுத்து இரண்டு வரியையும் ஒன்றாக நீல நிறமாக்கினார். அழிக்கிற பொத்தானைத் தட்டினார். பெட்டி எழும்பியது.

கையை மவுசில் இருந்து எடுத்துவிட்டு வாய்விட்டுப் படித்தார். "இந்த இரண்டு பெயர்களும் நிரந்தரமாக நீக்கப்படும். நீக்கலாமா?"

கீபோர்டை மெல்லத் தூக்கி, வயர் இழுபட, என் பக்கம் திருப்பி வைத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க அமுக்குங்க சார்" என்றார். "ரெண்டு பேரையும் சேத்தே. ஒண்ணொண்ணா வேணாம்."